பொங்கலுக்கு ஏரியில் பெடல் படகாம். கலங்கல் பக்கம் முக்குளிப்பான் அடைகாக்கிறது

கலங்கல்_கரை | ஜனவரி 5, இரவு 9:12

தென்சென்னையில் ஒரு ஏரி. பேர் வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். இந்த வருஷ மழையில் கலங்கல் வரை, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம் வரை, நிரம்பி நிற்கிறது. கலங்கலுக்குப் பக்கத்தில், கரையிலிருந்து 30 அடி இருக்கும், கோரை ஓரமாக அழுகிய பாசிக் குவியல் ஒன்று மிதக்கிறது. ஒரு வாரம் அதைக் குப்பை என்றே நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் அதன்மேல் முக்குளிப்பான், முங்கி முங்கி எழும் சின்ன நீர்ப்பறவை, உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன், எங்கே உட்காரவிடுகிறோம்! கரையில் புதிதாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். யாராவது நின்று எட்டிப் பார்த்தால் போதும், நாலு கொத்துப் பாசியை இழுத்து முட்டை மேல் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவிவிடும். காலை 6:30 முதல் 8 மணி வரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எண்ணினேன். 11 தடவை இறங்கியது. சில தடவை ஐந்து நிமிஷத்தில் திரும்பியது, ஒரு தடவை இருபது நிமிஷம் ஆனது.

இப்போது எங்கள் பக்கத்து வாட்ஸாப் குழுவில், காணும் பொங்கலுக்குள் நான்கு பெடல் போட் இறக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. பாதி ஊர் கைதட்டும் எமோஜி போட்டிருக்கிறது. சண்டை போடாமல் இதை எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லென்ஸ்_பாலு | ஜனவரி 5, இரவு 9:40

சார் செம! எந்த ஏரி? லொகேஷன் மட்டும் இன்பாக்ஸ்ல போடுங்க. என்கிட்ட 600 எம்எம் லென்ஸ் இருக்கு, தூரத்துலேருந்தே ரெண்டு படம் எடுத்துட்டு வந்துடுவேன். கூட்டைத் தொடவே மாட்டேன், சத்தியம்.

கலங்கல்_கரை | ஜனவரி 5, இரவு 9:51

தம்பி, பேர் சொல்லாததற்குக் காரணமே இதுதான். நீங்கள் நல்லவராகவே இருங்கள். உங்களிடமிருந்து இன்னும் நாலு நல்லவர்களுக்குப் போகும். இன்பாக்ஸிலும் சொல்ல மாட்டேன்.

வக்கா | ஜனவரி 6, காலை 6:05

பாலு, கோபப்படாதீங்க. "தொடவே மாட்டேன்" என்பதுதான் எல்லாரும் சொல்வது. யாருமே தொடுவதில்லை, கூடு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

முக்குளிப்பான் முட்டையைப் பாசியால் மூடிவிட்டுப் போவது காக்கையின் கண்ணை ஏமாற்றத்தான். அந்தத் தந்திரம் எப்போதாவது ஒருமுறை இறங்கும் பறவைக்கு. காலையில் 11 தடவை இறங்கினால், நாலு தடவை அவசரத்தில் சரியாக மூடாது. காக்கை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கும். மனிதன் நின்ற இடத்திலிருந்து ஒரு பறவை பதறி எழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். கூட்டைக் காட்டிக்கொடுப்பது நாம், தூக்கிக்கொண்டு போவதுதான் காக்கை.

அடைகாலம் சுமார் 20 நாள். பெற்றோர் இரண்டும் மாறி மாறி உட்காரும். முட்டை வெள்ளையாகத்தான் வரும், நாலு நாளில் பாசிச் சாறு ஏறிப் பழுப்பாகிவிடும். அந்த 20 நாளைக்குக் கொஞ்சம் ஒதுங்கி நடக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான் விஷயம். படகு வந்தால் கதை வேறு. கூடு கோரைத் தண்டில் கட்டிய தெப்பம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண்கூட மேலே இருக்காது. படகு கிளப்பும் அலை நேராக முட்டை மேல் ஏறும்.

நடை_மாமி | ஜனவரி 6, காலை 8:22

கலங்கல்_கரை சார், இது எந்த ஏரின்னு எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் தினம் நடக்கறேன். பயப்படாதேள், வெளியில சொல்லமாட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அஞ்சு வருஷம் முன்னாடி அந்தக் கரை எப்படி இருந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. பிராந்தி பாட்டில், கட்டட இடிபாடு, கோழிக் கழிவு மூட்டை. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல ஒரு பொம்மனாட்டி அந்தப் பக்கம் போக முடியாது. நடைபாதை வந்து, ஜனங்க வந்தப்பறம்தான் மூட்டை போடறவன் நின்னான். தண்ணி தெளிஞ்சது, குருவியும் வந்தது. இப்போ மனுஷாளே வராதீங்கோன்னா எப்படி? எனக்குச் சர்க்கரை 280. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.

இன்னொண்ணும் இருக்கு. துரைப்பாக்கம்-பல்லாவரம் 200 அடி ரோட்டுல லாரி அந்தப் போடு போடறது. ரெண்டு பக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புத் தண்ணியில பறவை அதும்பாட்டுக்கு மேயறது. அதெல்லாம் பழகிடும்.

ஆள்காட்டி | ஜனவரி 6, மதியம் 1:15

மாமி சொல்வதில் முதல் பாதி முழு உண்மை. ஆளில்லாத ஏரியை இந்த ஊரில் யாரும் ஏரியாக விட்டுவைப்பதில்லை, ஒரு ராத்திரியில் மண் லாரி வந்துவிடும்.

இரண்டாவது பாதியில்தான் எனக்கு மாறுபாடு. அந்த 200 அடி ரோட்டில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். லாரி போகிறது, பஸ் போகிறது, பறவை தலையைக்கூடத் தூக்காது. ஒருத்தர் பைக்கை ஓரங்கட்டி இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றதும் ஐம்பது அறுபது பவளக்கால் உள்ளான் ஒன்றாகக் கிளம்பும். நேராக ஓடிக்கொண்டே இருப்பதை அவை பொருட்படுத்துவதில்லை. நிற்பதும், தன்னையே பார்ப்பதும், தன் பக்கம் இறங்கி வருவதும்தான் வேட்டைக்காரன் செய்கிற வேலை. காரின் உள்ளேயே இருந்து பாருங்கள், எவ்வளவு கிட்ட விடும் என்று தெரியும்.

ஆகவே மாமி நடக்கட்டும். நின்றுவிடாமல் நடக்கட்டும். பிரச்சினை செல்ஃபி.

மேய்கிற பறவையும் அடைகாக்கிற பறவையும் ஒன்றல்ல. மேய்வதற்கு இங்கே இல்லாவிட்டால் பக்கத்துப் பெரும்பாக்கம் ஏரி. முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்?

தூண்டில் | ஜனவரி 6, இரவு 10:30

எல்லாரும் பேசி முடிச்சப்புறம் கடைசியில மீன் பிடிக்கிறவன் மேலதான் விழும்னு தெரியும், அதான் முன்னாடியே வந்துட்டேன்.

எங்க தாத்தா காலத்துலேருந்து ஏரியில வலை போடுறோம். கோரைக்குள்ள வலை போட மாட்டோம். பறவைப் பாசம்லாம் இல்ல, வலை கிழியும். அதோட கெண்டை முட்டை விடுற இடம் அது. கூடு இருக்குன்னு எங்களுக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும், எங்க தெர்மாகோல் தெப்பம் அந்தப் பக்கம் போகாது.

ஆனா ஆகாயத்தாமரை எடுக்குற மிஷின் வருது பாருங்க, அதைக் கேளுங்க. ஒரு வருசம் ஒரு ஏரியில அது கோரை, ஆகாயத்தாமரை, கூடு எல்லாத்தையும் ஒண்ணா வாரிக் கரையில கொட்டிச்சு. நாமக்கோழிக் குஞ்சு ரெண்டு அந்தக் குவியல்ல கிடந்தத நானே பாத்தேன். ஓட்டுறவருக்கு என்ன தெரியும், அவருக்கு அது குப்பை. அது சுத்தம் பண்றதாம், நாங்க மட்டும் தொந்தரவு.

ஓய்வுபெற்ற_மதகு | ஜனவரி 7, காலை 10:48

ஏரிகளிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சட்டம் பற்றி இரண்டு செய்தி. ஒன்று உங்கள் பக்கம், மற்றது எதிர்ப்பக்கம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் "வேட்டை" என்ற சொல்லுக்கு விளக்கம் பிரிவு 2(16)-ல் வருகிறது. கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல. பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும், தொந்தரவு செய்வதும்கூட அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இதற்குச் சரணாலயமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். படகு யோசனைக்காரரிடம் நீட்ட அல்ல, நீட்டினால் அன்றோடு பேச்சு முறிந்துவிடும். கேள்வி வரும்போது கையில் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கம் இது. 2017 ஈரநில விதிகளின்படி உங்கள் ஏரிக்குப் பாதுகாப்பு கேட்டுப் போனால், வாசலிலேயே நிறுத்திவிடலாம். பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்று மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்பதன் விளக்கத்திலிருந்தே அந்த விதிகள் விலக்கிவிட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் தலமாகிவிட்டது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது, சரி. அதைச் சுற்றியுள்ள ஏரிகள் பலவற்றின் பாசனத்தில் இன்று ஒரு குழி வயல்கூடக் கிடையாது, எல்லாம் அடுக்குமாடி. தாளில் மட்டும் இன்னமும் பாசன ஏரி.

படகைவிட எனக்குக் கவலை மதகு. கனமழை எச்சரிக்கை வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடுவோம். மிதக்கிற கூடு தண்ணீரோடு ஏறும், இறங்கும், ஓரளவு தாங்கும். ஒன்றரை அடி இறங்கிவிட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் கரை நாய்க்கு நடந்துபோகிற தூரம்தான். பணியில் இருந்த காலத்தில் இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

பாஸ்டன்_மைலாப்பூர் | ஜனவரி 7, இரவு 11:55

இங்கிருந்து ஒரு விஷயம். பக்கத்து மாநிலம் நியூ ஹாம்ப்ஷயரில் லூன் என்று ஒரு நீர்ப்பறவை. முக்குளிப்பான் மாதிரியே கால் உடம்பின் பின்கோடியில் இருக்கும், தரையில் நடக்க வராது. அதனால் தண்ணீர் ஓரத்திலேயே கூடு கட்டும். 1975-லிருந்து லூன் பாதுகாப்புக் குழு என்று ஒரு அமைப்பு இதற்காகவே வேலை செய்கிறது. கூட்டைச் சுற்றி மிதவை கட்டிய கயிறு, அறிவிப்புப் பலகை, சில ஏரிகளில் செயற்கைத் தெப்பம். படகுக்காரர்களுக்கு 150 அடி தள்ளி இரு என்பதுதான் பாடம். தள்ளி இருக்கிறோமா இல்லையா என்பதைப் பறவையே சொல்லும் என்பார்கள். கூட்டில் இருக்கும் லூன் கழுத்தை நீட்டித் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் படுத்தால், நீ மிகக் கிட்ட வந்துவிட்டாய் என்று அர்த்தம்.

எல்லா ஏரியையும் மூடுவதில்லை. கூடு இருக்கிற மூலையை மட்டும், அந்தச் சில வாரத்துக்குக் கயிறு கட்டுகிறார்கள். முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

வக்கா | ஜனவரி 8, காலை 6:20

150 அடியா! எங்கள் ஏரிகள் சிலவற்றில் இரண்டு கரைக்கும் நடுவே அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் மூலையை மட்டும் கட்டுவது நல்ல யோசனை. இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கயிற்றில் கோத்தால் மிதவை ஆயிற்று.

பாலாற்றங்கரை | ஜனவரி 8, பகல் 11:30

இவ்வளவு தூரம் அமெரிக்கா போவானேன்? எனக்கு வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள்தான்.

எங்கள் பக்கத்தில் இது சட்டமாக ஆரம்பித்த விஷயமே இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து நாரை சுட்டார்கள், ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். 1798. அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ். ஊராருக்கு என்ன அக்கறை என்றால், எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். நெல் விளைச்சல்தான் முதல் காரணம், இரக்கம் அப்புறம். இன்றைக்கும் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிடுவார்கள், அடம்பிடிக்கிறவனும் உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சீசனில் அவ்வளவு கூட்டம் வருகிறது, எல்லாரும் கரைமேலேயே. தண்ணீரில் நிற்கும் கடம்ப மரத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குஞ்சு பொரிக்கும், ஏரிக்குள் ஒருத்தரும் கால் வைப்பதில்லை. உங்கள் ஏரியில் கரைக்குப் பக்கத்திலேயே கூடு, அதான் சிக்கல்.

ஆள்காட்டி | ஜனவரி 9, இரவு 8:40

எல்லாரும் மார்கழி, தை பற்றியே பேசுகிறோம். தண்ணீர் நிறைய இருக்கும்போது முக்குளிப்பான், நாமக்கோழி. பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்றி ஓரம் தரையாக வெளியே வரும்போது அங்கே வேறு ஆட்கள் குடிவருவார்கள்: செம்மூக்கு ஆள்காட்டி, பவளக்கால் உள்ளான். இவற்றுக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டை. வெயிலில் கருகாமல் இருக்க ஆள்காட்டி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். சித்திரை வெயிலில் அதைக் கால்மணி நேரம் விரட்டினால் காக்கையே தேவையில்லை, முட்டை வெந்துவிடும்.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? காய்ந்த ஏரியில் கிரிக்கெட். தூர்வார ஜேசிபி. வறண்ட ஏரியில்தானே தூர்வார முடியும் என்பார்கள், நியாயம்தான். ஆனால் இறக்குவதற்கு முன்னால் ஒரு காலைப் பொழுது ஒருவர் நடந்து பார்த்து நாலு இடத்தில் கொடி நட்டால் போதும். ஆள்காட்டிக்கு ஒரு மாதம், அது போதும். நவம்பர் முதல் மார்ச் வரை கரையை மூடுங்கள் என்று மனு எழுதினால் பாதிப் பறவைதான் அதில் அடங்கும். தண்ணீர் ஓரம் எங்கே நகர்கிறதோ, கயிறும் அங்கே நகர வேண்டும்.

லென்ஸ்_பாலு | ஜனவரி 11, மதியம் 12:30

ஒரு விஷயம் சொல்லணும். திட்டுங்க, பரவாயில்லை.

உங்க ஏரியைக் கண்டுபிடிச்சிட்டேன். கலங்கல், புது நடைபாதை, கோரைன்னு மேப்புல தேடினா மூணு ஏரி, ரெண்டாவதே அதுதான். இன்னிக்குக் காலையில போனேன். கூட்டுக்கு நேரா, கரைமேலதான் நின்னேன், ஒரு அடி இறங்கல. நான் டிரைபாடை விரிக்கிறதுக்குள்ளேயே அது உள்ள போயிடுச்சு. சரி வரும்னு அரைமணி நேரம் அசையாம நின்னேன். வரல. நடுவுல ரெண்டு தடவை கோரைக்குள்ளேருந்து தலைய நீட்டிப் பாத்துட்டு மறுபடி முங்கிடுச்சு.

அப்புறம் காக்கா வந்துச்சு. நேரா குவியல் மேல உக்காந்து பாசியைக் கிளற ஆரம்பிச்சுது. கத்தினேன், கல்லெடுத்து எறிஞ்சேன். வாயில ஒண்ணைக் கவ்விக்கிட்டுதான் போச்சு.

அந்தப் படம் இருக்கு, பளிச்சுன்னு விழுந்திருக்கு. எங்கயும் போடல. அழிக்கவும் மனசு வரல.

கலங்கல்_கரை | ஜனவரி 11, மதியம் 12:44

மீதி எத்தனை?

லென்ஸ்_பாலு | ஜனவரி 11, மதியம் 12:46

நாலு இருந்துச்சு சார். மூணு.

வக்கா | ஜனவரி 11, மதியம் 2:10

பாலு, படத்தை அழிக்க வேண்டாம். ஆனால் இங்கே போடாதீர்கள், போனில் எடுத்திருந்தால் இடக்குறிப்பும் கூடவே போகும். பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, ஏன் என்று உங்களுக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடை_மாமி | ஜனவரி 12, காலை 9:05

நேத்து ராத்திரி சங்கத்துக் கூட்டம். அந்தப் பிள்ளை எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். பேர் சொல்லல. போட் ஐடியா கொடுத்தவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "போட் அந்தப் பக்கம் போகாது மாமி, தெற்குப் பக்கம்தான் சுத்தும்"னார். பெடல் மிதிக்கற பத்து வயசுப் பையன் தெற்கு வடக்கு பார்ப்பானான்னு கேட்டேன். கயிறு கட்டச் சம்மதிச்சார். போட் வேண்டாம்னு சொல்ல அவருக்கு மனசில்லை, எனக்கும் அவரோட முழுச் சண்டை போட இஷ்டமில்லை. பேத்தி படிக்கற ஸ்கூல்லதான் அவர் பேரனும்.

கலங்கல் பக்கம் நடைபாதையை மூடலாம்னு ஒருத்தர் சொன்னார். அதுக்கு நான் ஒத்துக்கல. சுத்திப் போற வழியில லைட்டு கிடையாது, அஞ்சரை மணிக்கு நடக்கற பொம்மனாட்டிகள் எங்க போவா? ஆள்காட்டி சார் நிக்கறதும் பாக்கறதும்தான் தொந்தரவுன்னு எழுதியிருந்தார் இல்லையா? மாடியில கீரைக்குப் போட்டிருந்த பச்சை வலையைக் கழட்டிக் கொடுத்தேன். கூடு இருக்கற இடத்துல மட்டும் நாப்பது அடிக்கு ஆள் உயரம் கட்டியிருக்கா. பார்க்க முடியலைன்னா நிக்கவும் மாட்டா. தூண்டில்காரத் தம்பிதான் மூங்கில் கொண்டுவந்து நட்டது.

தூண்டில் | ஜனவரி 12, இரவு 9:30

மூங்கில் காசு யாரும் தரல. பதிவு பண்ணி வைக்கிறேன்.

கலங்கல்_கரை | ஜனவரி 18, இரவு 10:15

நிலவரம். வலை கட்டிய மறுநாள் அதே நேரம் எண்ணினேன், 3 தடவைதான் இறங்கியது. ஒரே ஒரு காலைக் கணக்கு, இதை வைத்துப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். மூன்றாம் நாளே வலையில் சரியாகக் கண் உயரத்துக்கு யாரோ பிளேடால் ஓட்டை போட்டுவிட்டார்கள். ஏதோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் நம்மவர்களுக்குப் பார்த்தே ஆக வேண்டும். மாமி தைத்துவிட்டார்.

காணும் பொங்கலுக்கு நான்கு படகில் இரண்டுதான் வந்தன. கயிறும் தண்ணீர் கேனும் தாங்கின. ஒரு படகு கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தபோது, கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியது யார் தெரியுமா? லென்ஸ்_பாலு. காலை எட்டிலிருந்து சாயந்திரம் ஆறு வரை கேமரா இல்லாமல் நின்றான். நான் அவனிடம் அதிகம் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

படகு நிரந்தரமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டம் மாசியில்.

கலங்கல்_கரை | ஜனவரி 25, காலை 8:50

குவியல் காலி. மூன்று நாளாக எதுவும் தெரியாமல் இருந்தது, காக்கையா பொரிந்ததா என்று தூக்கமில்லை. இன்று கோரைக்கு அந்தப் பக்கம் பெரியது ஒன்று மிதந்துகொண்டிருந்தது, முதுகு இறகுக்குள்ளிருந்து கோடு போட்ட தலை ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னொரு தலை இருந்த மாதிரியும் இருந்தது, சத்தியம் செய்ய மாட்டேன். மூன்றாவதைப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற_மதகு | ஜனவரி 25, காலை 9:30

நல்ல செய்தி. கோடையில் தூர்வார்கிற திட்டத்தில் உங்கள் ஏரி இருக்கிறதா என்று பழைய நண்பர்களிடம் விசாரிக்கிறேன். தேதி தெரிந்தால் நண்பர் ஆள்காட்டியிடம் முன்னதாகச் சொல்லிவிடலாம், கொடி நட.

நடை_மாமி | ஜனவரி 25, காலை 10:02

வலையைக் கழட்டிக்கட்டுமா? கீரை எல்லாம் வெயில்ல வாடறது.

கலங்கல்_கரை | ஜனவரி 25, காலை 10:20

இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமி. அதே மூலையில் நாமக்கோழி ஒன்று நேற்றிலிருந்து கோரையை வளைத்து வளைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.